ஒரே கார், ஒரே ரயர், ஆறு செக்கன்

என் தொழில் நில அளவை. நாண் பிடித்து வளைவின் ஆரம் கண்டுபிடிப்பது எனக்குப் பழகிய வேலை. அந்தப் பழக்கம் கார் ஓட்டத்தில் உதவும் என்று 2025க்கு முன் நினைத்ததில்லை. மனைவியின் தம்பி, என் மச்சான், மட்டக்களப்பில் கல்லடியில் இருக்கிறான். அவனிடம் முதல் தலைமுறை மஸ்டா ரோட்ஸ்டர் ஒன்று உண்டு. 1.6 லீற்றர் எஞ்சின், பின்சில்லு இழுவை, ஒரு தொன்னுக்கும் குறைந்த எடை. சுற்றில், அதாவது ரோட்டு வாகனம் வராத தனி ஓட்டப் பாதையில், சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கும் நான்கு ஓட்ட நாட்களில் அந்தக் காரையும் அவனையும் நான் பக்கத்திலிருந்து அளந்தேன். அதன் பதிவு இது. நேரங்கள் எல்லாம் என் கொப்பியில் இருந்து எடுத்தவை.

ஏன் சுற்றுக்குப் போனோம்

மட்டக்களப்பில் வேகமாக ஓட்ட ஆசைப்படும் பையனுக்குக் கிடைப்பது ரோடு மட்டும்தான். இரவு பத்து மணிக்குப் பிறகு கல்லடிப் பாலம் தாண்டிக் காத்தான்குடிப் பக்கம் போகும் நேர்ரோட்டில் என்ன நடக்கிறது என்பது ஊருக்கே தெரியும். மாடு, சைக்கிள், விளக்கில்லாத உழவு மெசின் எல்லாம் வரும் ரோடு அது. மச்சானும் அங்கே ஓட்டியவன்தான். ஒரு நாள் மயிரிழையில் தப்பி வந்து வீட்டு வாசலில் அரை மணித்தியாலம் பேசாமல் இருந்தான். அதற்குப் பிறகுதான் சுற்று தேட ஆரம்பித்தோம்.

இந்த நாட்டில் மோட்டார் ஓட்டத்துக்குப் பழைய வரலாறு உண்டு. நுவரெலியாவில் மககஸ்தோட்ட மலையேற்றம் 1930களில் தொடங்கியது. களுத்துறைப் பக்கத்தில் கட்டுக்குருந்த ஓடுபாதை இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் கடற்படை விமானத் தளம். பிற்காலத்தில் அங்கே பந்தயம் ஓடினார்கள். பண்டாரகமவில் கார்ட் சுற்று இருக்கிறது. எல்லாம் எங்களுக்கு எதிர்ப்புறக் கரையில், மலையில். கிழக்கிலிருந்து போவதென்றால் இரவு ஒன்பது மணிக்கு வெளிக்கிட்டு, வாழைச்சேனை, பொலன்னறுவை, ஹபரணை என்று விடியும் வரை ஓட வேண்டும்.

மாமிக்கு, அதாவது மச்சானின் தாய்க்கு, இது பிடிக்கவே இல்லை. அவவைக் குறை சொல்ல மாட்டேன். 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவ ஃபொக்ஸ் ஹில் போட்டியில் கார் ஒன்று பாதையை விட்டுப் பார்வையாளர்களுக்குள் பாய்ந்து 7 பேர் இறந்தார்கள். அதில் சின்னப்பிள்ளையும் உண்டு. அந்தச் செய்தி பார்த்த எந்தத் தாயும் பிள்ளையைச் சுற்றுக்கு அனுப்ப யோசிப்பா. ஓட்ட நாள் என்றால் போட்டி இல்லை, கார்களை இடைவெளி விட்டுத்தான் அனுப்புவார்கள், முந்துவதென்றால் முன்கார்க்காரன் கை காட்ட வேண்டும், பாதை ஓரத்தில் ஆள் நிற்கவே கூடாது. இதையெல்லாம் இரண்டு மாலை இருந்து விளங்கப்படுத்தினேன். அரை மனதோடு ஒத்துக்கொண்டா. முதல் நாளைக்குத் தானும் வந்தா.

நாங்கள் போன இடம் மேற்கே ஒரு பழைய ஓடுபாதையில் கூம்பு வைத்து அமைத்த சுற்று. ஒரு நாள் வாடகைக்கு நாலைந்து கூட்டம் சேர்ந்து எடுத்தது. சக்கரம் போட்டு அளந்தேன்: 2.1 கிலோமீற்றர், ஒன்பது வளைவு. மூன்றாம் வளைவுக்கும் நான்காம் வளைவுக்கும் இடையில் 400 மீற்றர் நேர்ப்பாதை. இந்தப் பதிவில் பெரும்பகுதி அந்த மூன்றாம் வளைவைப் பற்றியதுதான்.

முதல் நாள்: 1 நிமிடம் 38.4 செக்கன்

பெப்ரவரி. மொத்தம் நான்கு தடவை சுற்றுக்குள் போனான், தடவைக்கு இருபது நிமிடம். ஆகச் சிறந்த நேரம் 1:38.4. ஆக மோசமானது 1:47. இந்த ஒன்பது செக்கன் இடைவெளியை அன்றைக்கு நான் பெரிதாக எடுக்கவில்லை. இப்போது பார்த்தால் முழு விசயமும் அதில்தான் இருந்தது. ஒவ்வொரு சுற்றும் வேறு வேறு இடத்தில் பிரேக், வேறு வேறு கோடு. எது உதவுகிறது, எது கெடுக்கிறது என்று அவனுக்கும் தெரியாது, பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் தெரியாது.

கார் திரும்ப மறுக்கிறது என்பதை, காரை விட்டு இறங்கி அவன் சொன்னது இப்படி: "மச்சான், கார் கிறுகுதில்ல. முன்னுக்கு இழுத்துக்கொண்டு போகுது. ரயர் சரியில்ல."

ரயர் பழையது என்பது உண்மை. அதனால் நானும் நம்பினேன்.

இரண்டாம் நாள்: காசு கொடுத்து வாங்கிய ஒன்றரைச் செக்கன்

ஏப்ரலுக்குள் நான்கு புது ரயரும் நல்ல பிரேக் பேட்டும் போட்டான். இந்தக் காருக்குச் சாமான் எடுப்பது லேசான காரியம் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு அது திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடத்தில் பழைய கார் ஒவ்வொன்றும் விலை ஏறிக்கொண்டே போனது. உடைந்தால் இன்னொன்று வாங்கலாம் என்ற நினைப்பே எங்களுக்கு இல்லை.

முதல் தடவையின் நான்காம் சுற்றில் 1:36.9 வந்தது. ஒன்றரைச் செக்கன் குறைவு. எல்லாருக்கும் சந்தோசம். ஏழாம் சுற்றில், 400 மீற்றர் நேர்ப்பாதையின் முடிவில், பிரேக் மிதி பஞ்சு மாதிரி உள்ளே போய்விட்டது.

மிதியை இரண்டு மூன்று தரம் அடித்து, கியரைக் குறைத்து, கூம்புகளைத் தாண்டிப் புல்லுக்குள் போய் நின்றான். காருக்கு ஒன்றும் இல்லை. அவனுக்கும் ஒன்றும் இல்லை. நான் ஓடிப் போய்ச் சேரும்போது இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி இருந்தான். அந்த நூறு மீற்றர் ஓட்டத்தை இன்றைக்கும் நான் மறக்கவில்லை.

காரணம் எளிது. பேட் மாற்றிய கராஜில் பிரேக் ஒயிலையும் மாற்றச் சொல்லியிருந்தோம், மாற்றவில்லை. உள்ளே இருந்தது மூன்று வருடத்துக்கு மேல் பழைய, டொட் 3 (DOT 3) என்ற தரத்து ஒயில். புதிதாக ஊற்றும்போது அது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஆனால் பிரேக் ஒயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் ஏறியபின் டொட் 3க்கான அளவுகோல் வெறும் 140 பாகை. கடல் ஒரு பக்கம், வாவி மறுபக்கம் என்று இருக்கும் கல்லடியில் மூன்று வருடம் நின்ற கார் அது. ரோட்டில் ஓட்டும்போது அந்தச் சூடு வராது, அதனால் தெரியாது. சுற்றில் வரும். வேகம் 100இலிருந்து 130 ஆனால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி 1.7 மடங்கு. ஒயில் கொதித்தால் ஆவிக் குமிழ் உண்டாகும். குமிழ் நசியும், அழுத்தம் சில்லுக்குப் போகாது. மிதி மட்டும் தரைக்குப் போகும்.

அன்று பின்னேரமே வீடு திரும்பினோம். அடுத்த கிழமை மச்சான் வீட்டு முற்றத்தில் நாங்களே பழைய ஒயிலை முழுக்க வடித்து டொட் 4 ஊற்றினோம். புதிதில் 230 பாகை, ஈரம் ஏறினால் 155. இப்போது ஒவ்வொரு ஓட்ட நாளுக்கும் முதல் கிழமை மாற்றுகிறோம். நான்கு ரயர் விலையோடு பார்த்தால் ஒரு போத்தல் ஒயில் ஒன்றுமே இல்லை. சுற்றுக்குப் போக நினைக்கும் எங்கள் பக்கத்துப் பையன்கள் வேறு எதையும் மாற்றாவிட்டாலும் இதை மாற்றுங்கள். மாற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்.

காற்றழுத்தமும் அன்றைக்குத்தான் பிடிபட்டது. காலையில் குளிராக இருக்கும்போது 34 இறாத்தல் வைத்திருந்தோம். ஓடி நின்றதும் அளந்தால் 41. உள்ளே இருக்கும் காற்று காலையில் இருந்ததை விட நாற்பது பாகைக்கு மேல் சூடேறினால் அந்தக் கணக்குச் சரியாக வரும். ரயர் ஊதி, நடுப்பட்டை மட்டும் பாதையில் பட்டு, பிடி குறைந்தது. இதற்குப் பிறகு காலையில் 28 வைத்து, சூட்டில் 34 வரப் பார்த்தோம். வேறு கார், வேறு ரயர் என்றால் அளவும் வேறு. ஓடி வந்த உடனே அளக்கும் பழக்கம்தான் எங்களுக்கு உதவியது.

மூன்றாம் நாள்: நானா

காத்தான்குடியில் எனக்குத் தெரிந்த ஒரு நானா, அதாவது முஸ்லிம் அண்ணன் ஒருவர், கட்டாரில் டோஹாவில் பதினொரு வருடம் வேலை செய்தவர். அங்கே லுசைல் சுற்று உண்டு. 2004இல் திறந்தது, 5.38 கிலோமீற்றர், 16 வளைவு. பொது ஆட்கள் காரைக் கொண்டுபோய் ஓட்டக்கூடிய நாட்களில் அவர் விடாமல் போயிருக்கிறார். ஊருக்கு வந்தபின் சின்ன வேன் ஒன்றோடு இருக்கிறார். வேகமாக ஓட்டி நான் பார்த்ததே இல்லை. ஜூன் மாதம் கூட வரச் சொல்லிக் கேட்டேன். "பார்த்துக்கொண்டு இருக்கிறன் தம்பி" என்று வந்தார்.

காலையில் மச்சான் 1:36.5 ஓடினான். நானா அவன் பக்கத்துச் சீட்டில் ஒரு தடவை இருந்தார். இறங்கி ஒன்றும் சொல்லவில்லை. தண்ணி குடித்தார். மறுகா, "நான் ஒரு நாலு சுற்று எடுக்கட்டா?" என்று கேட்டார்.

வெளியிலிருந்து பார்த்தால் மெதுவாக ஓடுவது போலவே இருந்தது. ரயர் கத்தவில்லை. கார் ஒரு இடத்திலும் துள்ளவில்லை. மூன்றாம் சுற்றின் நேரத்தை நான் இரண்டு தரம் பார்த்தேன்: 1:30.3.

அதே கார், அதே ரயர், அதே பெற்றோல். நானா மச்சானை விடப் பாரம் கூடியவர். ஆறு செக்கன் குறைவு. மச்சானின் முகம் வாடிப் போனது, அதை மறைக்கவும் இல்லை. நான்கு மாதம் காரைத் திருத்தி ஏறத்தாழ இரண்டு செக்கன் எடுத்தவன் அவன்.

அன்றைக்கு எங்களிடம் நல்ல பதிவுக் கருவி இருந்தது பெரிய அதிஷ்டம். முதல் இரண்டு நாளும் கைபேசியின் சொந்த ஜிபிஎஸ்ஸை நம்பினோம். அது செக்கனுக்கு ஒரு தரம்தான் இடம் குறிக்கும். 100 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு செக்கனில் கார் 28 மீற்றர் போய்விடும், வளைவே அதற்குள் முடிந்துவிடும். இந்த முறை செக்கனுக்குப் பத்துத் தரம் குறிக்கும் சின்னக் கருவியைக் கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருந்தோம். மத்தியானம் தகரக் கொட்டிலுக்குள் இருந்து இரண்டு பேரின் மூன்றாம் வளைவையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தோம்.

வளைவுக்கு 62 மீற்றர் இருக்கும்போது மச்சான் பிரேக் பிடித்தான். நானா 75 மீற்றரில். வளைவுக்குள் கிறுகும்போது மச்சானின் வேகம் 92, நானாவுடையது 86. அதாவது நுழையும் இடத்தில் மச்சான்தான் வேகம். அவனுக்கு வேகமாக ஓட்டுவதாகத் தோன்றியதில் பிழையே இல்லை.

வளைவின் நடுவில் கதை மாறியது. மச்சான் 68க்கு விழுந்தான், நானா 76க்குக் கீழே போகவில்லை. வெளியேறும் கூம்பில் 75க்கு 84. நேர்ப்பாதை முடிவில் 133க்கு 139. அந்த 400 மீற்றரில் மட்டும் 0.9 செக்கன் போய்விட்டது. பிரேக்கைப் பிந்திப் பிடித்து அவன் சம்பாதித்தது 0.2 செக்கன்.

கொப்பியை எடுத்துக்கொண்டு பாதை மூடியிருந்த நேரத்தில் நானும் மச்சானும் அந்த வளைவுக்கு நடந்தோம். நடுக்கோட்டில் 20 மீற்றர் நாண் பிடித்தேன். நாணின் நடுவிலிருந்து வளைவுக்கு விலகல் 1.25 மீற்றர். ஆரம் 40 மீற்றருக்குச் சற்று மேல். பாதை அகலம் பத்து மீற்றர். வெளி ஓரத்திலிருந்து தொடங்கி, உள்கூம்பைத் தொட்டு, மறுபடி வெளி ஓரத்துக்குப் போனால் கிடைக்கும் கோட்டின் ஆரம் ஏறத்தாழ 60 மீற்றர். வளைவில் தாங்கும் வேகம் ஆரத்தின் வர்க்கமூலத்தோடு கூடும். ரயரின் பிடியைப் புவியீர்ப்பின் 0.9 பங்கு என்று வைத்தால் 40 மீற்றர் ஆரத்தில் மணிக்கு 68 கிலோமீற்றர், 60 மீற்றர் ஆரத்தில் 83. மச்சானின் 68 அச்சொட்டாக இருந்தது. அவன் நடுக்கோட்டில் ஓடியிருக்கிறான்.

அவன் விரும்பி நடுக்கோட்டுக்குப் போகவில்லை. கார் கிறுகாதோ என்ற பயத்தில் முந்திக் கிறுகினான். முந்திக் கிறுகினால் உள்கூம்புக்கு முந்திப் போய்ச் சேரும், பிறகு கார் வெளியே தள்ளிக்கொண்டு போகும், பாதை போதாமல் அக்சலேற்றரிலிருந்து காலை எடுக்க வேண்டி வரும். "கார் கிறுகுதில்ல" என்று அவன் முதல் நாள் சொன்னது உண்மைதான். அது கிறுகாதபடி செய்தவன் அவன்.

ரயரின் பிடி கடைக்காரனின் கையிருப்பு மாதிரி. முழுவதையும் பிரேக்குக்குக் கொடுத்துவிட்டால் கிறுக ஒன்றும் மிஞ்சாது. பிரேக்கை மெல்ல மெல்ல விட விட, விட்ட அளவு பிடி கிறுகுவதற்குக் கிடைக்கும். மச்சான் முழு பிரேக்கிலிருந்து டக்கென்று காலை எடுத்தான். முன்பாரம் அந்தக் கணத்தில் பின்னுக்குப் போய், முன்சில்லு இலேசாகி, அந்த நேரம் பார்த்து ஸ்டியரிங்கைச் சுழற்றினான். இதையெல்லாம் நான் கொட்டிலில் இருந்து நீட்டி விளங்கப்படுத்தியபோது அவன் தலையாட்டினான். ஆனால் காலுக்கு ஒன்றும் ஏறவில்லை. அதை ஏற்றியது நானா.

பிரேக் இல்லாத இருபது நிமிடம்

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நானா சொன்னார்: "இந்தத் தடவை மூணாம் கியர் மட்டும். பிரேக் தொடக் கூடாது தம்பி. அவசரம் எண்டாத் தவிர."

மச்சானுக்கு அது அவமானமாக இருந்திருக்கும். ஆனாலும் செய்தான். பிரேக் இல்லை என்றால் வளைவுக்கு வெகு முன்பே காலை எடுக்க வேண்டும், கோட்டை முழுக்கப் பாவிக்க வேண்டும், வெளி ஓரத்திலிருந்தே தொடங்க வேண்டும். கண் உள்கூம்பில் ஒட்டாமல் வெளியேறும் கூம்புக்குப் போக வேண்டும். அந்தக் கூம்பில் நான் சிவப்புத் துணி ஒன்று கட்டிவிட்டேன். "உள்ளுக்க போக முதல் சிவப்பைத் தேடுங்க" என்பதுதான் நானா கொடுத்த ஒரே பாடம்.

பிரேக்கே தொடாமல், கியர் மாற்றாமல், அவன் எடுத்த நேரம் 1:41. முதல் நாள் முழு மூச்சாக ஓட்டிய நேரத்தை விட மூன்று செக்கன்கூடப் பிந்தவில்லை. அவன் காரை விட்டு இறங்கியதும் சிரித்தான். அன்று காலைக்குப் பிறகு முதல் சிரிப்பு.

பின்னேரம் பிரேக்கோடு, எல்லாக் கியரோடும் ஓடினான். 1:33.8. அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது கடைசி ஆறு சுற்றும் ஒன்றரைச் செக்கனுக்குள் நின்றது. இப்போதுதான் ஒன்றை மாற்றிப் பார்த்து, அது நல்லதா கெட்டதா என்று சொல்லக்கூடிய நிலைக்கு வந்தோம்.

அவன் அன்று இரவு ஹபரணைத் தேத்தண்ணிக் கடையில் இருந்து சொன்னது: இவ்வளவு நாளும் வளைவை எதிரியாக நினைத்தானாம். பயத்தோடு பாய்ந்து, பயத்தோடு தப்பி வந்தானாம். எனக்கு அது விளங்கியது.

நான்காம் நாள்: 1:31.2

ஆகஸ்ட். ஊரில் கச்சான் காற்று அனலாக அடித்துக்கொண்டிருந்தது, மேற்கில் மேகம். காரில் ஒன்றும் மாற்றவில்லை, ஒயிலைத் தவிர. காலையில் சில்லு நட்டுகளை அளவுக் கருவியால் இறுக்கினோம், ஒவ்வொரு தடவை முடிந்ததும் திரும்பப் பார்த்தோம். சூடாக வந்து நின்றதும் கைப்பிரேக் இழுக்காமல் கியரில் விட்டோம். இழுத்தால் சூட்டுத் தட்டில் பேட் ஒட்டிக்கொள்ளும்.

கல்முனையிலிருந்து சுவிஃப்ட் ஸ்போர்ட் ஒன்றோடு ஒரு தம்பியும் சேர்ந்திருந்தான். அவன் முன்சில்லு இழுவைக் காரில் அதே பிழையை அதே இடத்தில் செய்தான். மச்சான் அவனுக்குச் சிவப்புத் துணி கட்டிக் கொடுத்தான்.

மூன்றாம் தடவையில் 1:31.2. பத்துச் சுற்றும் 0.7 செக்கனுக்குள். முதல் நாளிலிருந்து 7.2 செக்கன் குறைந்தது. ரயருக்கும் பேட்டுக்கும் உரியது ஒன்றரை, பிறகு குறைத்த காற்றழுத்தத்துக்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. மிச்சம் முழுக்க அவன் காலும் கண்ணும்.

நானாவின் நேரத்துக்கு இன்னும் 0.9 செக்கன் இருக்கிறது. பதிவைப் பிரித்துப் பார்த்தால் அதில் 0.6 ஒரே இடத்தில்: ஏழாம் வளைவு. 110க்கு மேல் போகும் இடதுபக்க வளைவு. நானா அதில் காலை எடுப்பதில்லை, மச்சான் எடுக்கிறான். எடுக்காமலே போகலாம் என்று ஆரக் கணக்கும் சொல்கிறது.

அந்த வளைவின் வெளிப்பக்கம் போய் அளந்தேன். பாதை ஓரத்திலிருந்து மண் வரம்புக்கு 15 மீற்றர். இடையில் இருப்பது புல், காலை ஈரத்தில் வழுக்கும். மூன்றாம் வளைவில் பிழைத்தால் எண்பது மீற்றர் வெளி இருக்கிறது. இங்கே இல்லை. அந்த 15 மீற்றர் கணக்கை நான் மச்சானிடம் காட்டினேன், நானாவிடமும் காட்டினேன். நானா வரம்பைப் பார்த்துவிட்டு, தானும் இனி அங்கே காலை எடுப்பதாகச் சொன்னார்.

கொப்பியில் ஏழாம் வளைவுக்கு நேரே "0.6 – விட்டது" என்று எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த பயணம் மாரி முடிந்து, தை கடைசியில். மிச்ச 0.3 செக்கன் இரண்டாம் வளைவிலும் ஒன்பதாம் வளைவிலும் இருக்கிறது. அதற்கு இன்னும் இரண்டு சிவப்புத் துணி வேண்டும், மாமி தைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறா.